தண்டவாளம் போன வழியில் ஐந்து நாள்: ஒட்டாகோ ரயில் பாதையில் முதல்முறை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு

என் அத்தைக்கு 61 வயது. கல்லூரியில் படித்த காலத்துக்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ பகுதியில், கிளைடு என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் என்ற சிற்றூர் வரை 152 கிலோமீட்டரை ஐந்து நாளில் அவரோடுதான் ஓட்டி முடித்தேன். இரண்டாம் நாள் மதியம் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, இப்ப நாம ஏறுறோமா எறங்குறோமா? ஒண்ணும் தெரியலையே!" அப்போது நாங்கள் ஒரு மலைப் பள்ளத்தாக்குக்குள் ஏறிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்விக்குள்ளேயே இந்தப் பாதையின் ரகசியம் இருக்கிறது. இது ரயிலுக்காக வெட்டிய வழி; ரயில் நின்றுபோன பிறகு சைக்கிள் பாதையானது. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் இந்தத் தடத்தில் எங்கேயும் ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவைத் தாண்டி ஏற்றம் கிடையாது. குன்று குறுக்கே வந்தால் தடம் சுற்றிப் போகும், பாறை வந்தால் குடைந்து போகும், பள்ளம் வந்தால் கரை கட்டி அல்லது பாலம் போட்டுக் கடக்கும். நூறு வருடத்துக்கு முன் எஞ்சினுக்காகப் பட்ட பாடெல்லாம் இன்று நம் முழங்காலுக்கு உதவுகிறது. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியே பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: ரயில் போன மாதிரியே போக வேண்டும். ஒரே சீரான வேகம், எல்லா நிலையத்திலும் நிறுத்தம்.

பாதையின் கதை, சுருக்கமாக

1860களில் இந்தப் பகுதியில் தங்கம் கிடைத்தது. கூட்டம் வந்தது, ஊர்கள் முளைத்தன. கடற்கரை நகரமான டனீடினிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் போடும் வேலை 1879இல் தொடங்கியது. மிடில்மார்ச்சை எட்ட 1891 ஆகிவிட்டது. ரன்ஃபர்லிக்கு 1898, கிளைடுக்கு 1907, கடைசி ஊரான குரோம்வெல்லுக்கு 1921. தங்கம் குறைந்த பிறகு ஆடு, கம்பளி, பழம் என்று ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது. சாலையும் லாரியும் வந்ததும் சரக்கு குறைந்தது. கிளைடு அணை கட்டத் தொடங்கியபோது குரோம்வெல் வரையிலான கடைசித் துண்டு 1980இல் மூடப்பட்டது. மிச்சப் பாதை அந்த அணைக்கே கட்டுமானப் பொருள் சுமந்து இன்னும் பத்து வருடம் உயிரோடு இருந்தது. அணை வேலை முடியும் கட்டத்துக்கு வந்ததும், 1990இல், மிடில்மார்ச்சுக்கு அப்பால் ரயில் நின்றுபோனது.

தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் எடுத்துவிட்டார்கள். நிலத்தை அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை 1993இல் வாங்கியது. உள்ளூர் மக்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். பெரிய ஜல்லிக்கு மேல் பொடிச் சரளை பரப்பி, பாலங்களுக்குப் பலகையும் கைப்பிடியும் அடித்து, 2000இல் முழுப் பாதையையும் திறந்தார்கள். நடப்பவர்கள், சைக்கிளில் வருபவர்கள், குதிரையில் வருபவர்கள் யார் வேண்டுமானாலும் போகலாம். கட்டணம் இல்லை.

எந்த மாதம், எத்தனை நாள்

தெற்கு அரைக்கோளம் என்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை. ஒட்டாகோவின் இந்த உள்பகுதி நியூசிலாந்திலேயே மழை மிகக் குறைந்த இடம். கோடையில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் நீர் உறைந்து கிடக்கும். வழியில் இருக்கும் ஒஃபிர் என்ற குட்டி ஊரில் 1995 ஜூலையில் மைனஸ் 21.6 டிகிரி பதிவானது. ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். தங்குமிடங்களில் பலவும் அப்போது மூடியிருக்கும்.

என் தேர்வு மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் பாதி. காற்று குறைவு, வெயில் இதம், ஓடைக்கரை மரங்களெல்லாம் மஞ்சளாகியிருக்கும். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைக்காது. நவம்பரும் நன்றாக இருக்கும். கிளைடு, அலெக்ஸாண்ட்ரா பக்கத்துக் குன்றுகளில் காட்டு தைம் செடி ஊதாவாகப் பூத்திருக்கும், மிதிக்க மிதிக்க வாசனை வரும்.

பழக்கமானவர்கள் மூன்று நாளில் முடிப்பார்கள். புதியவர்கள் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது. சரளைத் தரையில் புதியவர் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் போவார். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டர் என்றால் பெடல் மிதிப்பது மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் பாலத்தில் நிற்பதற்கும், டீ குடிப்பதற்கும், யாரோ ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுப்பதற்கும். அந்த நேரத்தை வெட்டினால் பயணத்தில் மிஞ்சுவது வெறும் உடற்பயிற்சி.

ஐந்து நாள் கிடைக்கவில்லையா? ஒரு நாள் மட்டும் இருந்தால் லாடரிலிருந்து ஒட்டுரேஹுவா வரை சுமார் 23 கிலோமீட்டரை ஓட்டுங்கள். பாதையின் மிக அழகான பகுதி அதற்குள் இருக்கிறது.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது

பெரும்பாலோர் கிளைடிலிருந்து தொடங்குகிறார்கள், நானும் அதையே சொல்வேன். குயின்ஸ்டவுன் விமான நிலையத்திலிருந்து கிளைடு ஒன்றேகால் மணி நேர வண்டிப் பயணம். கிளைடும் மிடில்மார்ச்சும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நடுவில் வெடர்பர்ன் என்ற ஊருக்கு அருகே பாதையின் உச்சி, 618 மீட்டர். கிளைடிலிருந்து போனால் முதல் இரண்டரை நாளில் ஏற்றத்தை முடித்துவிடலாம். உடம்பு களைக்கத் தொடங்கும் கடைசி இரண்டு நாளில் பெரும்பாலும் இறக்கம்.

கிளைடிலும் மிடில்மார்ச்சிலும் சைக்கிளை வாடகைக்கு விடும் நிறுவனங்கள் இருக்கின்றன. சைக்கிள், அறை முன்பதிவு, தினமும் பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைப்பது, கடைசியில் திரும்பக் கூட்டிவருவது எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்பாடு செய்வார்கள். முதல்முறை போகிறவர்கள் பெட்டி தூக்கும் சேவையைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோவைக் கேரியரில் கட்டிக்கொண்டு சரளையில் ஓட்டுவது வேறு விஷயம், அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி சைக்கிளும் கிடைக்கும். அத்தை அதைத்தான் எடுத்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அதன் அருமை தெரியும். இரவு அறையில் சார்ஜ் போட மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

போவதற்கு ஆறு வாரம் முன்பு

கால் வலிக்குமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கால் இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது உட்காரும் இடம். அதனால் பயிற்சியின் நோக்கம் சீட்டில் உட்கார்ந்து பழகுவது. வாரத்துக்கு மூன்று நாள், முதல் வாரம் ஐந்தாறு கிலோமீட்டர், பிறகு மெல்ல மெல்ல 25 வரை. கடைசி இரண்டு வாரத்தில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டிப் பாருங்கள். சனிக்கிழமை ஓட்டுவதைவிட ஞாயிறு காலை மறுபடி சீட்டில் உட்காருவதுதான் உண்மையான பரீட்சை.

உள்ளே மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை இரண்டு வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. தையல் உரசித்தான் புண் வருகிறது. அதை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே வரக் கூச்சமாக இருந்தால் மேலே தொளதொளப்பான பேன்ட் அல்லது குர்தா போட்டுக்கொள்ளலாம், அத்தை அப்படித்தான் வந்தார். துப்பட்டா மட்டும் வேண்டாம். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆபத்து.

பெட்டியில் என்ன வைப்பது

ஒரே நாளில் வெயில், காற்று, குளிர் மூன்றும் வரும் இடம் இது. தெற்கிலிருந்து காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்தில் வெயில் போய் ஸ்வெட்டர் தேவைப்படும். ஆகவே தடித்த ஒரே கோட்டுக்குப் பதில் மெல்லிய மூன்று அடுக்கு: வியர்வை காயும் பனியன், மெல்லிய கம்பளி, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. கையுறை கட்டாயம். நியூசிலாந்து வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோல் உரிந்துவிடும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தைலம், கறுப்புக் கண்ணாடி மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். ஹெல்மெட் அந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். வாடகை சைக்கிளோடு அதையும் கொடுப்பார்கள்.

டார்ச் ஒன்று வேண்டும். வழியில் சுரங்கப்பாதைகள் உண்டு, உள்ளே விளக்கு இல்லை. இரண்டு தண்ணீர்க் குப்பி. ஒரு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சின்ன பம்ப் ஆகியவற்றை வாடகைக் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம். நியூசிலாந்துக்குள் நுழையும்போது எந்த உணவுப் பொருளைக் கொண்டுவந்தாலும் அறிவிப்பில் சொல்ல வேண்டும். பருப்புப்பொடி, ஊறுகாய், முறுக்கு, விமானத்தில் கொடுத்த ஆப்பிள் எதுவானாலும் சரி. சொல்லாமல் பையில் அகப்பட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள், இல்லாவிட்டால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கறிவேப்பிலை, பழம், விதை போன்ற பச்சைப் பொருளை எடுத்தே வராதீர்கள். மண் ஒட்டிய ஷூவையும் அறிவிக்க வேண்டும், அதனால் ஊரிலேயே நன்றாகக் கழுவிவிடுங்கள். விவசாயத்தை நம்பி வாழும் நாடு அது. ஒரு பூச்சி உள்ளே வந்தால் அவர்களுக்கு எவ்வளவு நட்டம் என்பது வழியெங்கும் பண்ணைகளைப் பார்க்கும்போது புரியும்.

சைக்கிளை வாங்கும் காலை

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் ஒதுக்கவில்லை. கிளம்பும் அவசரத்தில் கொடுத்த சைக்கிளில் அப்படியே ஏறிவிட்டேன். சீட் இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்திருக்கிறது. முதல் நாள் முடிவில் முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்து, மறுநாள் காலை படியிறங்கவே முடியவில்லை. சீட்டை உயர்த்திய பிறகுதான் சரியானது.

சீட் உயரம் பார்ப்பது இப்படி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலைக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும். அப்புறம் ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற ஊர்ப் பழக்கம்தான் சீட்டைத் தாழ்த்த வைக்கிறது. நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள்.

இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். கியரை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். டயர் அகலமாக இருக்கட்டும், காற்றைக் கல் மாதிரி ஏற்ற வேண்டாம். கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் சரளையில் கை அதிராது.

அங்கேயே ரயில் பாதைக்கான பாஸ்போர்ட் என்று ஒரு குட்டிப் புத்தகம் விற்பார்கள். வழியில் பழைய நிலையங்கள் இருந்த இடங்களில் முத்திரை வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போகலாம். குழந்தைகளுக்கானது என்று நினைத்தேன். ஐந்து நாளும் அதை என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் அத்தைதான்.

முதல் நாள்: கிளைடு முதல் ஒமகாவ் வரை, சுமார் 37 கிலோமீட்டர்

அலெக்ஸாண்ட்ரா வரை முதல் எட்டுக் கிலோமீட்டர் சமதளம், பெரும்பாலும் நேர்கோடு. கியர் மாற்றிப் பழகுவதற்கென்றே வைத்ததுபோல இருக்கும். அலெக்ஸாண்ட்ராவில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, மதியத்துக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து சாட்டோ கிரீக். அங்கே ஒரு பழைய விடுதி, நிழல், டீ.

அதன் பிறகு டைகர் ஹில் என்ற ஏற்றம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். குன்றை நேராக ஏற முடியாததால் ரயில் தடம் பெரிய வளைவாகச் சுற்றி ஏறுகிறது, நீங்களும் அப்படியே சுற்றுவீர்கள். இங்கே கற்க வேண்டியது ஒன்றுதான்: கியரைக் குறைத்து, காலை வேகமாக, லேசாகச் சுற்றுங்கள். பெரிய கியரில் அழுத்தி மிதித்தால் முழங்கால் போய்விடும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். முடியவில்லையென்றால் இன்னும் ஒரு கியர் குறையுங்கள்.

ஒமகாவில் அறையில் குளித்துவிட்டு, தெம்பிருந்தால் பக்கத்தில் இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஒஃபிருக்குப் போய் வாருங்கள். தங்க வேட்டைக் காலத்தின் கல் கட்டடங்கள், 1886இல் கட்டிய தபால் நிலையம் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழியெங்கும் சாப்பிடும் இடம் என்றால் அந்தந்த ஊரின் மதுக்கூடத்தோடு சேர்ந்த உணவகம்தான். குடும்பத்தோடு உள்ளே போகலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் சமையலறையை எட்டு மணிக்கே மூடிவிடுவார்கள், நம் வழக்கப்படி ஒன்பது மணிக்குப் போனால் பட்டினி. சைவம் என்றால் அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். "முட்டை, மீன், கோழிச்சாறு எதுவும் வேண்டாம்" என்று விரித்தே எழுதுங்கள். முன்கூட்டிச் சொன்ன இடங்களில் எங்களுக்கு நல்ல காய்கறி சூப்பும் சுட்ட பூசணியும் கிடைத்தன. சொல்லாத இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும்தான்.

இரண்டாம் நாள்: பூல்பர்ன் பள்ளத்தாக்கு

ஒமகாவிலிருந்து ஒட்டுரேஹுவா வரை முப்பது கிலோமீட்டர். இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், அதனால் சீக்கிரம் கிளம்புங்கள். லாடரில் தண்ணீர் நிரப்புங்கள். அடுத்த 23 கிலோமீட்டருக்குக் கடை இல்லை, சில இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை லாடரிலேயே சொல்லிவிடுங்கள்.

லாடரைத் தாண்டியதும் மனுஹெரிக்கியா ஆற்றின் மேல் ஒரு பாலம். நூறு மீட்டருக்கு மேல் நீளம், இந்தப் பாதையின் மிக நீண்ட பாலம் இதுதான். பலகை இடைவெளியில் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். பிறகு தடம் பாறைக்குள் நுழைகிறது. அடுக்கடுக்கான சிஸ்ட் என்ற பாறை, பழைய புத்தகத் தாள்கள் போலப் படிந்து, வெயிலில் அங்கங்கே மினுங்கும். இரண்டு சுரங்கம், நடுவில் பூல்பர்ன் பாலம். பாலத்தின் உயரம் 37 மீட்டர். அந்த மலையிலேயே கிடைத்த கல்லைச் செதுக்கித் தூண் எழுப்பியிருக்கிறார்கள்.

சுரங்கத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போங்கள். இருநூறு மீட்டர் சொச்சம்தான், ஆனால் நடுவில் கும்மிருட்டு. தரையும் ஈரமாக இருக்கும். எதிரே ஆள் வந்தால் குரல் கொடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு நிமிடம் டார்ச்சை அணைத்துவிட்டு நில்லுங்கள். இந்தப் பாறையைக் கடப்பாரையும் வெடிமருந்தும் வைத்து ஆட்கள் குடைந்தார்கள் என்பது அந்த இருட்டில் நிற்கும்போதுதான் மனதில் இறங்கும். அத்தை சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தார்.

பாலத்தில் உட்கார்ந்து மதிய உணவைச் சாப்பிடலாம் என்று தோன்றும். காற்று பலமாக இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். காற்றில் பாலத்தை ஓட்டிக் கடக்கவும் வேண்டாம், இறங்கி நடங்கள்.

வழியில் பண்ணைக் கதவுகள் வரும். ஒரு விதி: கதவை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். மூடியிருந்தால் திறந்து போய் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். ஆடுகளை ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் நேரமாக இருக்கலாம். நூறு ஆடு குறுக்கே வந்தால் ஓரமாக நின்று வழிவிடுங்கள், விரட்டாதீர்கள். சில இடங்களில் கதவுக்குப் பதில் தரையில் இரும்புக் கம்பிச் சட்டம் பதித்திருப்பார்கள், மாடு தாண்டாமல் இருக்க. அதை நேராக, திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கும்.

மூன்றாம் நாள்: உச்சியும் சூரியனும்

தூரம் 25 கிலோமீட்டர்தான். காலையை ஒட்டுரேஹுவாவில் செலவிடுங்கள். ஊருக்குப் பக்கத்தில் ஹேய்ஸ் குடும்பத்தின் பழைய பட்டறை இருக்கிறது. 1895இல் எர்னஸ்ட் ஹேய்ஸ் தொடங்கியது. வேலிக்கம்பியை இழுத்து முறுக்கும் கருவியை இவர் வடிவமைத்தார், அது பல நாடுகளின் பண்ணைகளுக்குப் போனது. செய்த பொருளை விற்றது யார் தெரியுமா? அவர் மனைவி ஹன்னா. நீளப் பாவாடையோடு சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் ஆர்டர் வாங்கினார். அப்போது இந்தச் சரளைப் பாதையும் இல்லை, கியரும் இல்லை. அங்கிருந்து கிளம்பும்போது அத்தை பேட்டரியை அணைத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் மிதித்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

வெடர்பர்னுக்கு முன்னால் 618 மீட்டர் உச்சி. அதன் பக்கத்திலேயே 45 டிகிரி தெற்கு அட்சக்கோட்டைக் கடக்கிறீர்கள்; நிலநடுக்கோட்டுக்கும் தென்துருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில். வெடர்பர்னில் பச்சை வண்ணப் பழைய கூட்ஸ் ஷெட் தனியாக நிற்கும். அங்கிருந்து ரன்ஃபர்லி வரை கால் ஓய்வெடுக்கலாம். இறக்கத்தில் வேகம் தானாகக் கூடும். சரளையில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் சறுக்கும், இரண்டையும் மெல்ல அழுத்துங்கள்.

ரன்ஃபர்லியை மையமாக வைத்து இந்தப் பாதையிலேயே சூரிய மண்டலத்தின் மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஊரில் சூரியன், பாதையில் கோள்கள். தரையில் ஒரு கிலோமீட்டர் என்றால் விண்வெளியில் பத்துக் கோடி கிலோமீட்டர். பூமி சூரியனிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும், புளூட்டோவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இந்த அளவில் ஒளியின் வேகம் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். பூமியிலிருந்து சூரியனுக்கு நீங்கள் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தால் ஒளியோடு சேர்ந்தே வந்தீர்கள் என்று அர்த்தம். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்தக் கணக்கை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நான்காம் நாள், ஐந்தாம் நாள்

ரன்ஃபர்லியிலிருந்து ஹைட் 33 கிலோமீட்டர், ஹைடிலிருந்து மிடில்மார்ச் 27. ரன்ஃபர்லியிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டரில் வரும் வைபியாட்டாவில் சாப்பாடும் தண்ணீரும் முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஹைட் வரை கடையை நம்ப வேண்டாம். திறந்த வெளி, மரமில்லை, எதிர்க்காற்று அடித்தால் முழு வேகத்தில் அடிக்கும். அப்படி அடித்தால் வேகத்தைப் பற்றிய நினைப்பையே விட்டுவிடுங்கள். ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கட்டும், மற்றவர் இரண்டு மீட்டர் பின்னால் வரட்டும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். ஹைட் வருவதற்கு முன் இன்னொரு சுரங்கமும் உண்டு, டார்ச்சைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

ஹைடைத் தாண்டியதும் நில்லுங்கள். 1943 ஜூன் 4 அன்று குரோம்வெல்லிலிருந்து டனீடினுக்குப் போன பயணிகள் ரயில் இங்கே ஒரு வெட்டுப்பாதையின் வளைவில் தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். அந்த வளைவுக்கு அனுமதித்த வேகத்தைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் ரயில் வந்தது. அதுவரை நியூசிலாந்தில் நடந்த ரயில் விபத்துகளில் மிக மோசமானது அது. சாலையோரம் கற்களால் கட்டிய நினைவுச்சின்னம் இருக்கிறது. வெட்டுப்பாதைக்குள் நீங்கள் ஓட்டும்போது இரு பக்கமும் மண் சுவர், புல், குருவிச் சத்தம் மட்டும்தான். நாங்கள் அங்கே சைக்கிளை விட்டு இறங்கி நடந்தோம்.

அவசர உதவிக்கு எண் 111. சிக்னல் இல்லாத இடத்தில் யாராவது விழுந்தால், ஒருவர் அவரோடு இருக்க, மற்றவர் அருகில் உள்ள சாலையை நோக்கிப் போக வேண்டும். தடம் பல இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. சாலையைக் கடக்கும் இடங்களில் கட்டாயம் காலை ஊன்றி நின்று பாருங்கள். அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான், ஆனால் மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும்.

கடைசி 27 கிலோமீட்டரில் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர் வலப்பக்கம் கூடவே வரும். இதை ஒரே மூச்சில் முடிக்கத் தோன்றும், ஏனென்றால் மிடில்மார்ச்சில் வண்டி காத்திருக்கும். வண்டியை மாலைக்குச் சொல்லிவையுங்கள். மிடில்மார்ச்சிலிருந்து டனீடின் எண்பது கிலோமீட்டர், வாடகை நிறுவனத்தின் வேனில் ஒரு மணி நேரம். டனீடினில் ஓர் இரவு தங்க முடிந்தால் 1906இல் திறந்த ரயில் நிலையத்துக்குப் போங்கள். கருங்கல்லும் வெண்கல்லும் கலந்து கட்டியது, உள்ளே தரை முழுக்க வண்ண ஓட்டுச் சில்லுகள். நீங்கள் ஐந்து நாள் மிதித்த வழிக்கு ரயில்கள் கிளம்பிய இடம் அதுதான்.

மிடில்மார்ச்சில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தையின் பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. வேன் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. கொடுத்த சைக்கிளை மறுபடி வாங்கிக்கொண்டு, விட்டுப்போன முத்திரையைத் தேடிக் கிளம்பிவிட்டார்.